அம்மம்மாவின்ர கசாயத்தூளுக்கும் லைசன்ஸ் வேணுமோ?

கேள்வி (முத்தையன்கட்டுப் பக்கம் இருந்து ஒரு வாசகி):

வணக்கம் டொக்டர். எங்கட அம்மம்மாவுக்கு 78 வயசு. தடிமன், நெஞ்சுச்சளி எண்டா அயலட்டை எல்லாம் எங்கட வீட்டுக்குத்தான் வரும். கொத்தமல்லி, வேர்க்கொம்பு (சுக்கு), மிளகு, திப்பிலி, அதிமதுரம், காயவைச்ச தூதுவளை, ஆடாதோடை இலை எல்லாம் வறுத்து இடிச்சு தூளா வைச்சிருப்பா. கொரோனா நேரம் தொடங்கி நான் அதை 100 கிராம் பக்கட்டாப் போட்டு ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்புக் கடையளுக்குக் குடுத்து வாறன். "சளி, இருமல், ஆஸ்துமா, டெங்கு அனைத்துக்கும்" எண்டு லேபிளும் அடிச்சனான். போன மாசம் பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து கடையில இருந்த 34 பக்கட்டையும் எடுக்கச் சொல்லிப்போட்டார். இனி வீட்டில மல்லி அவிக்கவும் கவர்மெண்டிட்ட பெர்மிட் எடுக்கவேணுமோ? கனடாவில இருக்கிற அண்ணா வேற 200 பக்கட் அனுப்பச் சொல்லி நிக்கிறார். அம்மம்மா இரவிரவா அழுகிறா. பிள்ளைத்தாச்சி வந்து கேட்டா ஆடாதோடையைத் தவிர்த்து வேறயாக் காய்ச்சிக் குடுக்கிற அளவுக்குக் கவனமான மனுசி, அவவைப் போய்க் கள்ள மருந்து விக்கிற ஆள் மாதிரிக் கதைச்சது எங்களால தாங்கேலாமக் கிடக்கு.

பதில்:

தங்கச்சி, முதல்ல அம்மம்மாட்டப் போய்ச் சொல்லுங்கோ, அவா அழுகிறதுக்கு ஒரு பிழையும் செய்யேல்ல, அவவை ஒருத்தரும் ஒண்டும் செய்யப்போறதும் இல்லை எண்டு. வீட்டில மல்லி அவிக்க, பேரப்பிள்ளைக்குத் தூதுவளை ரசம் வைக்க, பக்கத்து வீட்டுப் பொடியனுக்கு ஒரு கரண்டி தூள் பேப்பரில மடிச்சுக் குடுக்க இந்த நாட்டில ஒரு சட்டமும் பெர்மிட் கேக்கேல்ல. இது அம்மம்மாவுக்கு நிம்மதியா நித்திரை வாறதுக்கு. இனி எழுதுறது உங்களுக்கு.

உங்கட கடிதத்தில கடைசியா ஒரு வரி எழுதியிருக்கிறியள், பிள்ளைத்தாச்சிக்கு ஆடாதோடை தவிர்த்துக் குடுப்பா எண்டு. நான் அந்த வரியிலதான் நிண்டிட்டன். ஏனெண்டா அம்மம்மா செய்யிறது அவ்வளவு சரி. ஆடாதோடை இலையில வசிசின் எண்டொரு சத்து இருக்கு, சளியை இளக்கிறதும் அதுதான், ஆனா அதுக்குக் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிற குணமும் இருக்கு, அதால வயித்தில பிள்ளை இருக்கேக்க குடுக்கக்கூடாது. அம்மம்மாவுக்கு வசிசின் எண்ட பேர் தெரிஞ்சிருக்காது, ஆனா ஆருக்குக் குடுக்கக்கூடாது எண்டு தெரியும், அவவின்ர அம்மா சொல்லியிருப்பா. இப்ப நீங்கள் சொல்லுங்கோ, புதுக்குடியிருப்புக் கடையில உங்கட பக்கட்டை வாங்கின பிள்ளை நாலு மாசமோ அஞ்சு மாசமோ எண்டு அந்தப் பக்கட்டுக்கு எப்பிடித் தெரியும்? ஆடாதோடை எண்ட சொல்லே லேபிளில இருந்ததோ? கையால எழுதின ஒரு சின்ன எச்சரிக்கையாவது இருந்ததோ? நீங்கள் எழுதினதைப் பாத்தா இருந்த மாதிரித் தெரியேல்ல.

எங்கட அம்மப்பா மல்லாவிப் பக்கத்தில பரியாரியார், நாட்டு வைத்தியர். நான் சின்னனில அவற்ற திண்ணையில இருந்துதான் வளந்தனான், பிறகு யாழ்ப்பாணத்தில சித்த மருத்துவம் படிச்சு இப்ப கிளிநொச்சிப் பக்கம் வேலை செய்யிறன். அம்மப்பாட்ட ஒரு பழக்கம், ஆள் வராம மருந்து குடுக்க மாட்டார். "அவருக்கு ஏலாதாம், மருந்து வாங்கிவரச் சொன்னவர்" எண்டு மகனை அனுப்பினா, "மாட்டுவண்டிலில ஏத்திக்கொண்டு வா, இல்லாட்டி நான் வாறன்" எண்டுதான் சொல்லுவார். ஆள் வந்தாலும் உடன மருந்து இல்லை. நாடி பாப்பார், நாக்கை நீட்டச் சொல்லுவார், எத்தினை தரம் வெளிக்குப் போனது, என்ன தண்ணி குடிக்கிறது, குளத்து மீன் சாப்பிட்டதோ எண்டு கேட்டுக் கேட்டு, நாங்கள் பக்கத்தில இருந்து சலிச்சுப்போவம். குழந்தைக்கு எண்டா தாயிட்டத்தான் கேள்வி முழுக்க. கடைசியாப் பத்தியம் சொல்லுவார், அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுவார். அந்தக் கேள்வியள்தான் தங்கச்சி கட்டுப்பாடு. ஒரு சட்டப் புத்தகமும் இல்லாம எங்கட ஆக்கள் தாங்களே தங்களுக்குப் போட்டு வைச்ச கட்டுப்பாடு. "சுக்குக்குப் புறணி நஞ்சு, கடுக்காய்க்கு அகணி நஞ்சு" எண்டு சொல்லி வைச்சதும் அதுக்குத்தான், வேர்க்கொம்பின்ர தோலைச் சீவாமலும் கடுக்காயின்ர கொட்டையை எடுக்காமலும் மருந்தில சேக்காதே எண்டு. மூலிகைதானே, பச்சைதானே, ஒண்டும் செய்யாது எண்டு எங்கட முன்னோர் ஒருநாளும் சொல்லேல்ல. அதைச் சொல்லுறது இப்பத்த ஃபேஸ்புக்.

உங்கட கோவமும் எனக்கு நல்லா விளங்குது, அதை மறைச்சு எழுதேலாது. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை நேரம் வன்னிக்குள்ள பனடோல் கார்டு ஒண்டு கிடைக்கிறதே பெரிய காரியம், அப்ப இந்தச் சனத்தைக் கொண்டுவந்தது வேப்பம்பட்டையும் நொச்சியும் மல்லியுந்தான். 2009 இல, இடம்பெயர்ந்த சனத்தை வைச்சிருந்த மெனிக்பாம் முகாமில எங்கட கூடாரத்துக்குப் பின்னால கழிவுத்தண்ணி ஓடுற கான் ஓரமா கீழ்க்காய்நெல்லி முளைச்சிருந்தது. பக்கத்துக் கூடாரத்து ஆச்சி ஒராள் அதைக் கண்டிட்டு, சுத்தி நாலு கல்லு வைச்சு மறைச்சு, ஆரும் மிதிக்காமப் பாத்தவா. தோட்டம் துரவு, வீடு வாசல், பிள்ளை எல்லாத்தையும் விட்டிட்டு வந்த மனுசி அந்த ஒரு செடிக்குக் காவல் இருந்ததை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன். இடப்பெயர்வில எங்கட ஏடுகள் போட்டுது, கொப்பியள் போட்டுது, பரியாரிமார் கனபேர் போட்டினம். இவ்வளவும் போய் மிச்சமா ஒரு அம்மம்மாவின்ர தலைக்குள்ள இருக்கிறதையும் ஒரு அதிகாரி வந்து "எடு இதை" எண்டு சொன்னா நெஞ்சு எரியுந்தான். பி.எச்.ஐ கதைச்ச விதம் சரியில்லாட்டி அது வேற விசயம், கிழவிக்கு மரியாதையா விளங்கப்படுத்தியிருக்கலாம். ஆனா பக்கட்டை எடுக்கச் சொன்னதில பிழை இல்லை, அதை நான் உங்களுக்கு நேரா சொல்லத்தான் வேணும்.

முதலாவது டெங்கு. அந்த ஒரு சொல்லுக்காகவே எடுக்க வேண்டிய பக்கட் அது. டெங்கில காய்ச்சல் விடுற நேரந்தான் ஆபத்தான நேரம், ரத்தக்குழாயில இருந்து நீர் கசியத் தொடங்கும், ஆள் காய்ச்சல் இல்லையே எண்டு எழும்பி இருப்பார், உங்கட கசாயம் கேட்டுது எண்டு வீட்டில நினைப்பினம், பின்னேரம் பிறசர் விழுந்து அள்ளிக்கொண்டு ஓடவேண்டி வரும். காய்ச்சல் எண்டா ரெண்டாம் நாள் மூண்டாம் நாளில ரத்தம் செக் பண்ணவேணும், கசாயம் குடிச்சாலும் பண்ணவேணும். 2020 மார்கழியில கேகாலையில கொரோனாவுக்குப் பாணி குடுக்கினம் எண்டு ஆயிரக்கணக்கில சனம் முட்டுப்பட்டு நிண்டது ஞாபகம் இருக்கும், தேனும் சாதிக்காயும் சேத்துக் காய்ச்சினது, அப்ப இருந்த சுகாதார அமைச்சரே வாங்கிக் குடிச்சவா, அடுத்த மாசம் அவவுக்கே கொரோனா வந்தது. தேனிலயும் சாதிக்காயிலயும் பிழை இல்லை, "இந்த வருத்தத்தை மாத்தும்" எண்டு சொன்ன சொல்லிலதான் பிழை.

ரெண்டாவது அதிமதுரம். தொண்டைக்கு அருமையான சாமான், ஆனா நாள்கணக்கில தொடர்ந்து குடிச்சா பிறசரைக் கூட்டும், உடம்பில பொட்டாசியத்தைக் குறைக்கும். இண்டைக்கு எங்கட ஊரில நாப்பது வயசு தாண்டின ஆக்களில எத்தினை பேர் பிறசர் குளிசை போடுகினம் எண்டு கிளினிக் நாளில வந்து பாத்தா தெரியும். ஆஸ்துமா எண்டு போட்டதும் அப்பிடித்தான், இன்ஹேலரை விட்டிட்டுத் தூளைக் குடிக்கிற ஒரு ஆள் இருந்தாலும் அது உயிர்ப் பிரச்சினை.

எங்கட பக்கத்தில கிட்னி வருத்தம் வேற இருக்கு, அநுராதபுரம் பொலன்னறுவை மாதிரியே வவுனியாப் பக்கமும் காரணம் முழுசா விளங்காத கிட்னி வருத்தத்தால விவசாயியள் கஷ்டப்படுகினம். என்னட்ட ஒரு ஐயா வந்தவர், வயல்காரர், கொலஸ்ட்ரோலுக்கு நல்லம் எண்டு ரிக்டொக்கில பாத்து விளிம்பிக்காய்ச் சாறு வெறுவயித்தில கப் கப்பாக் குடிச்சிருக்கிறார். கால் வீங்கி, சிறுநீர் குறைஞ்சு, முகம் ஊதி வந்து நிண்டார், உடனடியா பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினன். விளிம்பிக்காயிலயும் காமரங்காயிலயும் ஒக்சலேட் கூட, அடர்த்தியாக் குடிச்சா அது கிட்னியில போய்ப் படியும். மீன்கறிக்குப் புளியா ரெண்டு காய் போடுறதும் கோப்பை நிறையச் சாறு பிழிஞ்சு குடிக்கிறதும் ஒண்டில்லை. அவரும் "இயற்கைதானே டொக்டர்" எண்டுதான் கேட்டவர். கார்த்திகைக் கிழங்கும் இயற்கைதான், எங்கட வேலியெல்லாம் பூக்குது, ஒரு துண்டு பிழையாச் சாப்பிட்டா ஆள் தப்புறது கஷ்டம்.

வேர், இலை மாறுற பிரச்சினை இன்னும் மோசம். தொண்ணூறுகளின்ர தொடக்கத்தில பெல்ஜியத்தில உடம்பு மெலியிறதுக்கு எண்டு குடுத்த குளிசையில ஒரு சீன மூலிகைக்குப் பதிலா பேர் ஒத்த இன்னொரு வேர் சேந்து, நூறுக்கு மேற்பட்ட பொம்பிளையளின்ர கிட்னி பழுதாப்போச்சு. அந்த வேர் எங்கட ஆடுதின்னாப்பாளை, பெருமருந்துக்கொடி சேந்த குடும்பம், அதில இருக்கிற அரிஸ்டோலோகிக் அமிலம் கான்சரையும் கொண்டுவரும் எண்டு இப்ப உலகம் ஏற்றுக்கொண்ட விசயம். இதைக் கேட்டா பழைய பரியாரிமாருக்குக் கவலையா இருக்கும், எங்கட அம்மப்பாவும் பெருமருந்து பாவிச்சவர்தான், ஆனா தெரிஞ்ச பிறகு தெரியாத மாதிரி இருக்கேலாது. அதனாலதான் தூளா வாங்கிற சாமானில எனக்குப் பயம். முழு இலையா இருந்தா பாத்துச் சொல்லலாம், தூளில எல்லாம் ஒரே பச்சை. அதோட மூட்டுவலிக்கு மூண்டு நாளில சுகம் எண்டு வாற சில தூளுகளுக்க ஸ்டீரொய்ட் குளிசை இடிச்சுப் போடுற கூட்டமும் இருக்கு. உங்கட அம்மம்மாவின்ர சுத்தமான தூளும் அந்தக் கூட்டத்தின்ர தூளும் கடைத்தட்டில பக்கத்தில பக்கத்தில இருந்தா சனம் எப்பிடிப் பிரிச்சு அறியும்? லைசன்ஸ் நம்பர் ஒண்டுதான் அந்த வித்தியாசத்தைக் காட்டும்.

சரி, சட்டம் என்ன சொல்லுது. 1961ஆம் ஆண்டு 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம்தான் அடிப்படை. அதில ஆயுர்வேதம் எண்ட சொல்லுக்குள்ளயே எங்கட சித்தம், யுனானி, தேசிய சிகிச்சை எல்லாத்தையும் சேத்திருக்கு. வைத்தியரைப் பதியிறது ஆயுர்வேத மருத்துவ சபை. மருந்தா செய்து விக்கிறதெண்டா ஆயுர்வேதத் திணைக்களத்தின்ர அனுமதி வேணும், என்னென்ன சரக்கு, எவ்வளவு, எப்பிடிச் செய்யிறது எண்டு குடுக்கவேணும். இங்கிலிஸ் மருந்தைப் பாக்கிறது 2015ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டத்தால வந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை, அது உங்களுக்கு இப்ப தேவையில்லை. பி.எச்.ஐ வந்தது 1980ஆம் ஆண்டு 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தோட. உங்கட பக்கட்டில சிக்கல் என்னெண்டா அது சாப்பாட்டுச் சாமான் மாதிரிக் கடையில இருந்துகொண்டு மருந்து மாதிரிக் கதைச்சது. சாப்பாடு எண்டா வருத்தத்தை மாத்தும் எண்டு எழுதேலாது. மருந்து எண்டா அனுமதி இல்லாம விக்கேலாது. ரெண்டு பக்கத்தாலயும் மாட்டுப்பட்டிட்டியள்.

நான் உங்களுக்குச் சொல்லுறது, தூளை ரெண்டாப் பிரியுங்கோ. கொத்தமல்லி, வேர்க்கொம்பு, மிளகு, சீரகம் மட்டும் போட்டு ஒரு மல்லிப்பானத் தூள், அதை உணவாவே செய்யுங்கோ, எங்கட வீடுகளில தேத்தண்ணிக்குப் பதிலாக் குடிக்கிற சாமான்தானே. ஆடாதோடை, அதிமதுரம், திப்பிலி ஒண்டும் வேண்டாம், ஒரு வருத்தத்தின்ர பேரும் வேண்டாம். பிரதேச சபையில வியாபாரத்துக்கான அனுமதியை எடுத்து, எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபிசில அதே பி.எச்.ஐயைப் போய்க் காணுங்கோ, ஒளிக்காதேங்கோ, செய்யிற இடத்தை அவரையே வந்து பாக்கச் சொல்லுங்கோ. லேபிளில உள்ளடக்கம், நிறை, செய்த திகதி, முடிவுத் திகதி, பச் நம்பர், உங்கட விலாசம் எல்லாம் வரவேணும், அதை மூண்டு மொழியிலயும் போடுங்கோ. ஆடாதோடைத் தூள் மருந்து, அதை மருந்தாவே கொண்டு போவம், அது கெதியில முடியிற வேலை இல்லை, அதுவரைக்கும் அம்மம்மா முகம் பாத்துக் குடுக்கிறதோட நிக்கட்டும்.

இதில அரசாங்கத்திட்டயும் நான் கேக்கிறதுக்கு இருக்கு. ஆயுர்வேதத் திணைக்களம் மகரகமவில நாவின்னையில இருக்கு, முத்தையன்கட்டில இருந்து போறதெண்டா முதல்நாள் இரவே பஸ் ஏறவேணும். நான் ஒருக்கா ஒரு முறிவு வைத்தியரோட ஒரு அலுவலகத்துக்குப் போனனான், ஐயாவுக்கு எழுபது தாண்டிட்டுது, ஃபோர்ம் சிங்களத்தில, விளங்கப்படுத்த தமிழ் தெரிஞ்ச ஒராள் இல்லை, மனுசன் அந்தப் பேப்பரைக் கையில வைச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கொண்டு இருந்தவர், எத்தினை எலும்பைப் பொருத்தின கை அது. அப்பிடி ஒரு ஃபோர்மைக் குடுத்திட்டு ஏன் பதியேல்ல எண்டு கேக்கிறது நியாயம் இல்லை. சட்டம் வேணும் எண்டு சொல்லுற நானே சொல்லுறன், அந்தச் சட்டம் தமிழில, மாவட்டத்துக்குள்ள, வயசு போனவை இருந்து கதைக்கிற மாதிரி வரவேணும். காட்டுச் சட்டமும் அப்பிடித்தான், ஒதுக்கின காட்டுக்குள்ள பெர்மிட் இல்லாம ஒரு வேரையும் கிண்டேலாது, காட்டைக் காக்கிறது சரி, ஆனா பரம்பரையா மருந்து எடுத்த காட்டுக்கு எல்லைக்கல்லு போட்ட பிறகு மூலிகைக்கு எங்க போறது எண்டும் ஆராவது சொல்லவேணும். நீங்கள் அலையாதேங்கோ, முதல்ல பக்கத்தில இருக்கிற அரசாங்க சித்த ஆயுர்வேத வைத்தியசாலை டொக்டரிட்டப் போங்கோ, மாகாண சுதேச மருத்துவத் திணைக்களத்துக்கு அவையே வழி காட்டுவினம், கடிதமும் எழுதித் தருவினம்.

கனடாவுக்கு இப்ப அனுப்பவேண்டாம். அங்க இப்பிடியான சாமானை 2004 இல இருந்து இயற்கைச் சுகாதாரப் பொருள் எண்டு தனிச் சட்டம் வைச்சுப் பாக்கினம், விக்கிறதெண்டா என்.பி.என் எண்டு எட்டு இலக்க நம்பர் எடுக்கவேணும். அண்ணா தன்ர வீட்டுக்கு வைச்சுக் குடிக்கிறது வேற, 200 பக்கட் எண்டா அது வியாபாரம். அண்ணாவுக்கு விளங்கப்படுத்துங்கோ, கோவிச்சாலும் பரவாயில்லை.

இன்னொண்டு, இது சட்டத்தில இல்லாட்டியும் செய்யவேண்டியது. நீங்கள் எந்த மாசத்தில இடிக்கிறியள்? மாரிக்குள்ள ஐப்பசி கார்த்திகையில காயவைச்ச இலை வெளியில முறுகலா இருக்கும், நடுநரம்பில ஈரம் நிக்கும், அதைத் தூளாக்கிப் பக்கட்டில அடைச்சா ரெண்டு கிழமையில கட்டி பிடிக்கும், மூக்கில வைச்சா பழைய சாக்கு மணக்கும். அது பூஞ்சணம், அதைக் குடிச்சா ஈரலுக்குக் கூடாது. இலைக்காம்பை நரம்போட மடிச்சுப் பாருங்கோ, "டிக்" எண்டு முறியவேணும், வளைஞ்சா இன்னும் காயேல்ல. ரோட்டோரத்தில தார்பாயில காயப்போடாதேங்கோ, ரோட்டால ஓடுற பஸ்சின்ர புகை முழுக்க அதிலதான். வயலுக்கு மருந்தடிச்ச வரம்பில வளந்த வல்லாரை, பொன்னாங்காணியையும் தொடவேண்டாம்.

அம்மம்மாவோட இருந்து கொப்பியில எழுதுங்கோ. சரக்கின்ர அளவை மட்டும் எழுதினாக் காணாது, ஆருக்குக் குடுக்கமாட்டா, எந்த வருத்தக்காரரை "ஆஸ்பத்திரிக்குப் போ" எண்டு திருப்பி அனுப்பினவா, எந்த மாசத்து இலை எடுப்பா, அதையெல்லாம் எழுதுங்கோ, வட்ஸ்அப்பில வொய்ஸாவும் பதிஞ்சு வையுங்கோ. நான் பள்ளிக்கூடம் போற வயசில அம்மப்பாட்ட அதைக் கேக்கேல்ல, பிறகு கேக்க அவர் இல்லை. அம்மம்மாவைப் பாரம்பரிய வைத்தியரா பதியிறதுக்கு யோசிச்சாலும் இந்தக் கொப்பி உதவும், கிராம சேவகரிட்டயும் கதைச்சு வையுங்கோ.

உங்கட கடிதத்தில ஒரு விசயம் குறையுது. திப்பிலியை வறுக்க முதல் அம்மம்மா ஏதோ ஒண்டில ஊறப்போட்டு எடுக்கிறவாவோ, இல்லாட்டிக் கடையில வாங்கினபடி நேரா சட்டியில போடுறவாவோ எண்டு நீங்கள் எழுதேல்ல. அதைக் கேட்டு எழுதுங்கோ, ஆடாதோடையில ஒரு கொப்பும் பூவோட முறிச்சு, தண்ணித் துணியில சுத்தி பஸ்சில குடுத்துவிடுங்கோ, நான் பாக்கவேணும்.